நடுவில் கிடக்கும் நாலு வருஷம்

எங்கள் கம்பெனியில் லிஃப்ட் பழுதுபார்க்க ஆள் அனுப்பினால் ஜோடியாகத்தான் அனுப்புவார்கள். ஒருவர் மொட்டைமாடியில் மோட்டார் அறையில் நிற்க வேண்டும். இன்னொருவர் லிஃப்டின் தலைமேல் ஏறிக்கொண்டு, கிணறு மாதிரி இருண்டு கிடக்கும் அந்தப் பாதையில் அதோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். எனக்கு ஜோடியாக வாய்த்தவள் அஞ்சாவது. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கு இருந்தது. அந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

சேர்ந்த முதல் வாரமே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, வீட்டுல உனக்கு முன்னால நாலு பேரா?"

"இல்லண்ணே. ரிலே டீம்ல நான் அஞ்சாவது."

ரிலே ஓட்டத்தில் நாலு பேர்தானே என்றேன். அதுதான் விஷயம் என்றாள். நாலு பேர் ஆளுக்கு ஒரு சுற்று ஓடி, கையிலிருக்கும் கட்டையை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். நாலில் ஒருத்திக்குக் காலோ கையோ மக்கர் செய்தால் என்ன செய்வது? அதற்காக ஐந்தாவதாக ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவளும் மற்றவர்கள் ஓடுகிற அளவுக்கு ஓட வேண்டும், அவர்கள் சாப்பிடுகிறதையே சாப்பிட வேண்டும், அவர்கள் படுக்கிற நேரத்துக்குப் படுக்க வேண்டும். போட்டி அன்றைக்கு மட்டும் ஓட வேண்டாம். அப்படி இரண்டு ஒலிம்பிக்குக்குப் போய்விட்டு வந்தவள் அவள்.

இதை அவள் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே அறைக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். டீ குடிப்பதும் நின்றபடியே. வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் குதிகால் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். சிக்னலில் வண்டி நின்றால் எனக்கு முன்னால் அவளுக்குப் பொறுமை போய்விடும். "பச்சை விழப்போகுதுண்ணே, பாத்துக்குங்க, பாத்துக்குங்க" என்பாள். விழும்போது விழட்டுமே என்று நான் சொன்னால் காதில் ஏறாது.

முதல் தடவை போனபோது அவளுக்குச் சின்ன வயது. போவதே பெரிசு என்று இருந்தாள். போட்டி நாளன்று ஐவருமாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டார்கள், ஐவரும் ஆணி வைத்த காலணியை மாட்டிக்கொண்டார்கள். ஓடுகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைக்கிற அறை ஒன்று உண்டு. அதன் வாசல் வரை ஒன்றாக நடந்தார்கள். வாசலில் நின்ற அதிகாரி நாலு விரலைக் காட்டினார். இவள் திரும்பி வந்தாள். கடைசி நேரத்தில் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள், உடம்பு ஆறிவிடக் கூடாது என்று கோச் சொல்லியிருந்ததால், பக்கத்திலிருந்த பயிற்சி மைதானத்தில் மெல்ல ஓடிக்கொண்டே இருந்தாள். பெரிய மைதானத்திலிருந்து கூச்சல் எழும்பியது, அடங்கியது, மறுபடி எழும்பியது. எந்தக் கூச்சல் தன் டீமுக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளிடம் வந்து முடிந்துவிட்டது என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண் வந்து தரையிலிருந்த ஆரஞ்சுக் கூம்புகளைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஓட்டத்தை நிறுத்தினாள். டீம் தகுதிச் சுற்றிலேயே வெளியேறியிருந்தது.

"இன்னும் நாலு வருஷம் பாரு. அடுத்த தடவை நீ நாலுல ஒருத்தி" என்றார் கோச்.

அவளும் பார்த்தாள். நாலு வருஷமும் மைதானம், முகாம், பஸ், மறுபடி மைதானம். வீட்டில் வரன் பார்த்தார்கள், இது முடியட்டும் என்றாள். ரயில்வேயில் வேலை கிடைப்பதாக இருந்தது, இது முடியட்டும் என்றாள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், அதற்கு மட்டும் இரண்டு நாள் போய்விட்டு வந்தாள். மறுபடியும் ஐந்தாவதாகத்தான் எடுத்தார்கள்.

இரண்டாம் தடவை நடந்ததை அவள் என்னிடம் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறாள். போட்டிக்கு முந்தின நாள் பயிற்சியில் மூன்றாவதாக ஓடுகிறவளுக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்டது. காலையில் கோச் இவளைக் கூப்பிட்டு "நீ ஓடுற, ரெடியா இரு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எத்தனையோ வருஷம் காத்திருந்தாள். பயிற்சி மைதானத்தில் இரண்டு ஓட்டம் ஓடிப் பார்த்தாள். றெக்கை முளைத்தது மாதிரி இருந்ததாம். பேர் கொடுக்க வேண்டிய கடைசி நேரத்துக்குச் சற்று முன்னால், அந்த மூன்றாவதுக்காரி தன் தொடையில் இறுக்கமாகக் கட்டுப் போட்டுக்கொண்டு கோச்சிடம் போய், வலி இல்லை, தானே ஓடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். பழகிய ஆள் ஓடட்டும் என்று கோச்சும் விட்டுவிட்டார். அந்த மூன்றாவது, கட்டையை வாங்கிப் பாதிச் சுற்றுகூட ஓடவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். டீம் ஓட்டத்தை முடிக்கவே இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் இவள் காலணியைக் கழற்றினாள். அப்புறம் மாட்டவில்லை. எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், பெண் பிறந்தாள். மூன்றாவதோடு பேச்சுவார்த்தை அறுந்துபோனது.

இவளுடைய வீட்டுக்காரர் பல் செட் கட்டுகிறவர். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் அறைதான் பட்டறை. அலமாரி முழுக்க யார் யாருடைய தாடையோ வெள்ளையாக இளித்துக்கொண்டிருக்கும். எனக்குக் கடைவாயில் இரண்டு பல் விழுந்துவிட்டதால், தெரிந்தவர் என்று அவரிடமே போனேன். அச்சு எடுப்பதற்காக வாய் நிறையப் பசை மாதிரி ஒன்றைத் திணித்து, "இறுகுற வரைக்கும் அசையாதீங்க அண்ணே, பேசவே கூடாது" என்றார். அப்போது பார்த்துத்தான் அந்த வீட்டில் சண்டை வெடித்தது.

ஆரம்பித்து வைத்தது போன். மகளுடைய பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் பேசினார். அஞ்சாவது ஒரு கையால் தட்டு கழுவிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"மேடம், நம்ம ஸ்கூல் பிள்ளைங்க கணக்கு ஒலிம்பியாட்ல நிறைய பேர் நல்லா பண்ணியிருக்காங்க. உங்க பொண்ணும்தான். பரிசு கொடுக்க நீங்க வரணும். ஒலிம்பியாட் விழாவுக்கு ஒலிம்பிக் வீராங்கனையே வந்தா எவ்வளவு பொருத்தம்!"

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"உங்க பொண்ணுதான். கட்டுரையே எழுதியிருக்கா."

"நான் ஓடலைங்க டீச்சர்."

"ஐயோ, எவ்வளவு அடக்கமா பேசுறீங்க! பிள்ளைங்க இதைத்தான் கத்துக்கணும். வெள்ளிக்கிழமை வந்துடுங்க மேடம்" என்று டீச்சர் வைத்துவிட்டார்.

தட்டு தொட்டியில் விழுந்த சத்தம் பட்டறை வரை கேட்டது. மகள் பதினொரு வயதுக்காரி, அம்மாவின் நீளக் கால்கள் அப்படியே வந்திருந்தன. அவளைப் பட்டறை வாசலில் நிறுத்திவைத்து அஞ்சாவது கத்தினாள்.

"எதுக்குடி இப்படிப் பொய் எழுதுன?"

"என்ன பொய்? நீ ஒலிம்பிக்குக்குப் போனதானே? அங்க தங்குனதானே? போட்டோ இருக்குதே!"

"போறதும் ஓடுறதும் ஒண்ணா? அங்க சமைச்சவங்களும்தான் தங்கியிருந்தாங்க. அவங்க எல்லாம் வீராங்கனையா?"

"அப்ப நீ அங்க எதுக்குத்தான் போன?"

அந்தக் கேள்வியை மகள் வேண்டுமென்று கேட்கவில்லை. கோபத்தில் வாயில் வந்துவிட்டது. ஆனால் வந்தது வந்ததுதான். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். "அசையாதீங்க!" என்று என் தாடையைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். ஒரு குடும்பம் கண்ணெதிரே உடைகிறது, நான் வாய் நிறையப் பசையை வைத்துக்கொண்டு மாடு மாதிரி முழித்துக்கொண்டிருந்தேன்.

அவர் நிதானமான மனுஷர். என் அச்சை உருவி எடுத்துத் தட்டில் வைத்தார், கையைக் கழுவினார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். எந்தச் சண்டையையும் அகராதியைப் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை.

"இரு, இரு. ஒலிம்பியாட்னா என்னன்னு முதல்ல பார்ப்போம். அதுக்கு ரெண்டு அர்த்தம் போட்டிருக்கான். போட்டிக்கும் அந்தப் பேர் உண்டு. ஆனா முதல் அர்த்தம் அது இல்ல. ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் நடுவுல இருக்கிற நாலு வருஷம். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் வருஷத்தையே இதை வெச்சுத்தான் எண்ணியிருக்காங்க. இன்னாரோட சண்டை எத்தனையாவது ஒலிம்பியாட்ல, எத்தனையாவது வருஷத்துலன்னு."

"சரி, அதுக்கு இப்ப என்ன?" என்றாள் அஞ்சாவது.

"இன்னும் கேளு. உலக யுத்தம் வந்து போட்டி நடக்காமலே போன வருஷங்கள் உண்டு. ஆனா எண்ணிக்கையில அதை விடலை. போட்டி நடக்கலைன்னாலும் அந்த ஒலிம்பியாட் நம்பர் ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு. அதாவது நீ ஓடலைன்னாலும் அந்த நாலு வருஷம்…"

அவளைத் தேற்றத்தான் அவர் இதைச் சொன்னார். அவளுக்கு அது நெருப்பில் எண்ணெய் ஆகிவிட்டது.

"கணக்குல வருதா? யாரு கணக்குல? எட்டு வருஷம் போச்சு எனக்கு. எட்டு வருஷத்தையும் கொட்டிட்டு, கடைசியில ஒரு நிமிஷம் ஓட விடலை. அந்த எட்டு வருஷத்துக்குத்தான் அந்தப் பேருன்னு இப்ப வந்து சொல்றீங்க. அப்படின்னா ஓடினவளுக்கு என்ன பேரு?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துகொண்டிருந்தாள். மகள் வாசற்படியில் நின்று அவள் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

மறுநாள் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் எங்களுக்கு வேலை. அங்கே இருப்பது அந்தக் காலத்து லிஃப்ட். பிரேக்கைக் கையால் தளர்த்திச் சக்கரத்தைச் சுற்றினால்தான் மெல்ல மெல்ல நகரும். அன்றைக்கு நான் லிஃப்டின் தலைமேல், அவள் மேலே சக்கரத்தில். "கொஞ்சம் மேல… இன்னும் கொஞ்சம்… நிறுத்து" என்றேன். நிற்கவில்லை. "நிறுத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் தலைக்கவசம் இரும்பு விட்டத்தில் உரசிக் கிறீச்சிட்ட பிறகுதான் நின்றது. இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தால் என் பெண்டாட்டி விதவை ஆகியிருப்பாள்.

ஏறிப் போய்க் கன்னாபின்னாவென்று திட்டினேன். பதின்மூன்று வருஷ ஜோடியில் அதுதான் முதல் தடவை. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. சக்கரத்தைப் பிடித்த கை இன்னும் அதை விடவில்லை.

"தப்புதான் அண்ணே. மனசு இங்க இல்ல."

"எங்க இருக்கு?"

"மூணாவதுகிட்ட. அவளப் பாத்து ஒரு வார்த்தை கேக்கணும். கேக்காம என்னால வேலை பார்க்க முடியாது போல."

"எங்க இருக்கா அவ?"

"மேம்பாலத்துக்குக் கீழ மெத்தைக் கடை வெச்சிருக்கா. தினமும் பஸ்ல அந்தப் பக்கம்தான் வர்றேன். அந்த ஸ்டாப் வந்ததும் குனிஞ்சு செருப்பைச் சரி பண்ணிக்குவேன்."

இத்தனை வருஷமாகவா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். வேலையை அப்படியே நிறுத்திவிட்டு இருவரும் இறங்கினோம், வண்டியை மேம்பாலத்துப் பக்கம் விட்டேன்.

கடை முழுக்க மெத்தை. பிளாஸ்டிக் உறையோடு சுவரில் சாய்ந்தவை, கட்டிலில் விரித்தவை, கூரை வரை அடுக்கியவை. மூன்றாவது நன்றாகப் பருத்திருந்தாள். எழுந்து வரும்போது இடது காலை லேசாக இழுத்தாள்.

"ஏய், அஞ்சு! நீயாடி? வா, வா, உக்காரு."

உட்காருவதற்கு அத்தனை மெத்தைகள் இருந்தும் அஞ்சாவது நடுக்கடையில் நின்றாள். நான் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டேன்.

"உக்கார வரலை. ஒண்ணு கேக்க வந்தேன். அன்னைக்குக் கால் வலிக்கலைன்னு கோச்கிட்ட ஏன் சொன்ன?"

மேஜைமேல் கிடந்த அளவு நாடாவை மூன்றாவது எடுத்துச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"இதைக் கேக்க நீ எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த பஸ்ல நீ போறத நானும் பார்ப்பேன்."

"பதில் சொல்லு."

"வலிச்சுது. நடக்கும்போதே வலிச்சுது. ஓட முடியாதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"காலையில நீ ரெண்டு ஓட்டம் ஓடின பாரு, அதை நான் வேலி ஓரமா நின்னு பாத்தேன். என்னைவிட நல்லா ஓடின. நீ அன்னைக்கு ஓடிட்டா, அதுக்கப்புறம் நான்தான் அஞ்சாவது. ஒரு ஓட்டம் போனா போயிட்டுப் போகுதுன்னு விட்டுடலாம். ஆனா நாலு வருஷம்டி! கதவுக்குப் பக்கத்துக் கட்டில், எல்லாரும் எடுத்தது போக மிச்சமிருக்கிற துண்டு, கடைசியா வர்ற மசாஜ். நீ எப்படி இருந்தேன்னு பக்கத்துக் கட்டில்ல படுத்துப் பாத்தவ நான். என்னால அப்படி நாலு வருஷம் இருந்திருக்க முடியாது. பயந்துட்டேன்."

அஞ்சாவது பக்கத்தில் விரித்திருந்த மெத்தையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இரண்டு கையாலும் குத்தினாள். கடைக்குள் மெத்தை பார்க்க வந்திருந்த கணவனும் மனைவியும் திகைத்துப்போய் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல சார், உறுதியா இருக்கான்னு பாக்குறாங்க" என்றாள் மூன்றாவது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் வியாபாரிக் குரல். "எங்க மெத்தை எவ்வளவு அடிச்சாலும் பள்ளம் விழாது."

அவர்கள் அந்த மெத்தையையே வாங்கிக்கொண்டு போனார்கள்.

"அப்புறம் அந்த நாலு வருஷம் நீ என்ன பண்ணின?" என்றாள் அஞ்சாவது, மூச்சு வாங்கிக்கொண்டே.

"காலுக்கு ரெண்டு ஆபரேஷன். வீட்டுலயே படுக்கைதான். விட்டத்தைப் பாத்துக்கிட்டு."

அஞ்சாவது டீ குடிக்காமல் கிளம்பினாள். வண்டியில் திரும்பும்போது தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பக்கவாட்டில் பார்த்தேன், புரியவில்லை. பாதி வழியில், "எதை நெனச்சுப் பயந்திருக்கா பாருங்கண்ணே! நான் வாழ்ந்ததை நெனச்சு!" என்றாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்றாள். எனக்கே ஆச்சரியம்.

"நீங்களும் வாங்கண்ணே. நடுவுல நான் எந்திரிச்சு ஓடிட்டா பிடிச்சு நிறுத்த ஒரு ஆள் வேணும்."

பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் தலைமையாசிரியை, கணக்கு டீச்சர், நடுவில் அஞ்சாவது. அவளுக்குப் போட்ட நாற்காலியின் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மகள் முன்வரிசையில். கணக்கு டீச்சர் ஒலிம்பிக் வீராங்கனை, ஒலிம்பிக் வீராங்கனை என்று மூச்சுக்கு மூச்சு சொல்லி அறிமுகப்படுத்தினார். கைதட்டல் ஓய்ந்ததும் இவள் மைக்கைப் பிடித்தாள்.

"டீச்சர் சொன்னது தப்பு. நான் ரெண்டு ஒலிம்பிக்குக்குப் போனேன். ரெண்டுலயும் ஓடலை. ஒரு அடிகூட ஓடலை."

டீச்சரின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்திருந்தது, இறக்கிவைக்க இடம் தெரியாமல். மகள் தன் காலணியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்துவிட்டது.

"ஒலிம்பியாட்னா நீங்க எழுதுன பரீட்சைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. நான் அது போட்டின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரர், அது நடுவுல இருக்கிற நாலு வருஷம்னு சொல்றாரு."

ஒரு பையன் எழுந்தான். "நம்ம ஒலிம்பியாட் வருஷா வருஷம் வருதே மேடம்?"

எல்லாரும் சிரித்தார்கள். "அதை உங்க டீச்சர்கிட்ட கேளு, கணக்கு அவங்க டிபார்ட்மென்ட்" என்றாள். சிரிப்பு இன்னும் பெரிதானது. டீச்சரும் ஒருவழியாகச் சிரித்துவிட்டார். பின்வரிசையில் ஒல்லியான ஒரு பெண் கை தூக்கினாள்.

"அப்ப ஓடாம அந்த நாலு வருஷம் என்ன பண்ணுனீங்க?"

அஞ்சாவது மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். என்னைப் பார்த்தாள். ஓடத்தான் போகிறாள் என்று நான் பாதி எழுந்துவிட்டேன். அவள் மேடையை விட்டு இறங்கி, மைக் ஒயர் பின்னால் இழுபட்டு வர, பிள்ளைகள் நடுவில் வந்து நின்றாள்.

"கை பழகுனேன். டீம்ல ஒவ்வொருத்திக்கும் முன்னால ஒருத்தி, பின்னால ஒருத்தி. ரெண்டாவது ஒண்ணாவதுகிட்ட வாங்கினா போதும், மூணாவதுகிட்ட கொடுத்தா போதும். நான் யாரு இடத்துல ஓடுவேன்னு தெரியாதே? அதனால நாலு பேர்கிட்டயும் வாங்கணும், நாலு பேர்கிட்டயும் கொடுக்கணும். ஒண்ணாவதுக்குக் கை வேர்க்கும், கட்டை வழுக்கும். ரெண்டாவது விடவே மாட்டா, நாமதான் பிடுங்கணும். நாலாவது திரும்பிப் பார்ப்பா, பார்க்கக் கூடாது, ஆனாலும் பார்ப்பா. மூணாவது…"

அங்கே நின்றாள்.

"மூணாவது கை சுத்தமா இருக்கும். நீ இருக்கியா இல்லையான்னு பார்க்காம கையை நீட்டுவா. நம்பி நீட்டுவா. அவகிட்ட கொடுக்கிற மாதிரி யார்கிட்டயும் கொடுத்ததில்ல."

ஒரு சான்றிதழைச் சுருட்டிக் கட்டையாக்கினாள். பிள்ளைகளை எழுப்பி வரிசையில் நிறுத்தி, கையைப் பின்னால் எப்படி நீட்ட வேண்டும், கட்டை உள்ளங்கையில் பட்டதும் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். கூடமே அமளி துமளியானது. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், டீச்சர் தலைமையாசிரியையைப் பார்த்தார். சான்றிதழ் கசங்கிப்போன பையன் ஒருத்தன் அழ ஆரம்பித்தான். மகள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் வந்து அம்மாவின் சட்டையை இழுத்து, "போதும்மா" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் வண்டியில் முன்னிருக்கையில் அவள், பின்னால் மகள்.

"எல்லார் முன்னாலயும் ஓடலைன்னு சொல்லிட்ட" என்றாள் மகள்.

"ஆமா."

"இனிமே கேட்டா நான் என்ன சொல்றது?"

"அஞ்சாவதுன்னு சொல்லு."

"அது இன்னும் கேவலமா இருக்கு."

கண்ணாடியில் பார்த்தபோது மகள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அந்த வாரம் முழுக்க அம்மாவும் பெண்ணும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் பல் மாட்டப் போனபோது மகளே என்னிடம் முறையிட்டாள். பள்ளிக்கூட வராந்தாவில் எல்லாரும் ஸ்கேலை வைத்துக்கொண்டு ரிலே ஓடுகிறார்களாம். அவளுக்கு ஆறாவது என்று பேர் வைத்துவிட்டார்களாம்.

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"ஸ்கேலைப் பிடிக்கத் தெரியாம பேர் வைக்க வந்துட்டீங்களான்னு கேட்டேன் மாமா. யாரும் சரியாவே கொடுக்கத் தெரியல. அம்மா அவ்வளவு நேரம் காட்டியும்."

இரண்டு மாதம் கழித்து மூன்றாவது போன் செய்தாள். வயதில் மூத்தவர்களுக்கான போட்டி ஒன்று இருக்கிறதாம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. ஒண்ணாவதும் ரெண்டாவதும் வருகிறார்கள். நாலாவதாக ஒரு பல் டாக்டரம்மா கிடைத்திருக்கிறாள். இடம் ஒன்று காலி. தன் கால் ஓடாது, ஆனால் பழக்கிவிட வருகிறேன் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று இவள் வைத்தாள். யோசித்தாளோ இல்லையோ, அடுத்த ஞாயிறு மைதானத்தில் இருந்தாள்.

"அவள மன்னிச்சுட்டியா?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாதுண்ணே. பாத்தா இன்னும் குத்தணும் போலத்தான் இருக்கு. ஆனா ஓரத்துல நின்னு அவ கத்துனா, எந்தக் கூச்சல்லயும் எனக்கு அது தனியா கேக்குது."

போன வருஷம் அந்தப் போட்டி நடந்தது. நானும் அவள் வீட்டுக்காரரும் மகளும் போனோம். அவளுக்கு மூன்றாவது சுற்று. ரெண்டாவது மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள். இவள் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியவள், நிற்க முடியாமல் முன்கூட்டியே கிளம்பிவிட்டாள். பின்னாலிருந்தவள் எட்டிப் பிடித்துக் கட்டையைக் கொடுப்பதற்குள், கை மாற்ற வேண்டிய எல்லைக் கோடு தாண்டிவிட்டது. அவளுக்கு அது தெரியவே தெரியாது. முழுச் சுற்றும் ஓடினாள். அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு போனாள். மூன்றாவது ஓரத்தில் நின்று தொண்டை போகக் கத்தினாள், மகள் தடுப்புக் கம்பியின்மேல் ஏறி நின்று கத்தினாள். முடிந்ததும் அதிகாரி வந்து சிவப்புக் கொடியைக் காட்டினார். கோட்டுக்கு வெளியே மாற்றியதால் டீம் செல்லாது.

ஒண்ணாவது தலையில் கையை வைத்துக்கொண்டாள். பல் டாக்டரம்மா, வந்ததே தண்டம் என்று முணுமுணுத்தாள். இவள் இடுப்பில் கையை ஊன்றி, முகமெல்லாம் வேர்வையாக, மூன்றாவதிடம் ஏதோ மும்முரமாகப் பேசிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தாள்.

"கொஞ்சம் முன்னாடியே கிளம்பிட்டேன் அண்ணே" என்றாள்.

"பாத்தோமே. பரவால்ல விடு. அடுத்தது எப்ப?"

"அதைத்தான் இவகிட்ட சொல்லிக்கிட்டு வர்றேன். இன்னும் ரெண்டே வருஷம்தான் இருக்கு."